முகத்த மறைச்சன், சேலைய மறந்துட்டன்

வாற திங்கக்கிழமை நம்மட ஒஃபீஸ்ல சிறுவர் பிரிவுக்குப் புதுசா வாற மூணு பேருக்கும் ஸலாமும் வணக்கமும். என்னையப் பத்தி ஒங்களுக்கு ஏற்கனவே யாரும் சொல்லியிருப்பாங்க. "அம்பாறை வேர்க்‌ஷொப்புல கரண்ட்ட புடுங்கின பொண்ணு" எண்டு. ஓம், அது நான்தான். வயசு இருவத்தெட்டு, ரிட்டயர் ஆகிட்டன். கொன்ட்ரக்ட் புதுப்பிக்காட்டி அதுக்குப் பேரு ரிட்டயர் இல்ல எண்டு உம்மா சொல்றா. எனக்குப் பிரியாவிடை வச்சாங்க, கேக் வெட்டினாங்க, ஓடாத ஒரு சுவர்மணிக்கூடும் தந்தாங்க. இதுக்கு மேல ரிட்டயர் ஆக என்ன இரிக்கு.

ஃபோம் நிரப்புறது, ரெஜிஸ்டர் எழுதுறது, மாச ரிப்போட்டுல போன மாசத்து ரிப்போட்ட கொப்பி அடிக்கிறது, இதெல்லாம் ஒரு கிழமைல பழகிடுவீங்க. ஜன்னல் பக்கத்துக் கதிரைல இருக்காதீங்க, ஒரு கால் ஆடும். மத்தபடி நான் சொல்லப் போறது ஒரே ஒரு கேஸ். அதுல பெரிய பிழைய விட்டது நான். நீங்க வேற பிழை விடுங்க, இதையே விடாதீங்க.

முதல்ல சட்டம். இன்டர்நெட்டுல சின்னப் பிள்ளைகள ஏமாத்துறது, படம் கேக்கிறது, கெடச்ச படத்த வச்சி வெருட்டுறது, இதுக்கெல்லாம் இப்ப சட்டத்த இறுக்கியிருக்காங்க எலா, அத எங்களுக்குப் படிப்பிக்க ஒரு ஹோட்டல்ல ஒரு நாள் வேர்க்‌ஷொப் வச்சாங்க. ஸ்லைட் இங்கிலீஷ்ல, விளக்கம் சிங்களத்துல, கையேடு தமிழ்ல. அந்தத் தமிழ் இரிக்கே, ஒரு வசனம் பக்கம் முழுக்க ஓடும், முடியிற எடத்துல யார் யாருக்கு என்ன செஞ்ச எண்டு மறந்து போயிடும். ஆனா ஒரு வரி எனக்கு நல்லா வெளங்கிச்சி. பாதிக்கப்பட்ட பிள்ளை யாரெண்டு தெரிய வைக்கிற எதையும் வெளில விடப்படாது. விட்டா விட்ட ஆளும் குத்தவாளி. அந்த வரிக்குக் கீழ ரெண்டு கோடு போட்டன். மறுகா ஃபிஷ் பணிஸ் தின்டன், செட்டிஃபிகெட் எடுத்தன், குரூப் ஃபோட்டோவுல முன் வரிசைல நிண்டன். அந்த நேரம் கல்முனைப் பக்கத்துல என்னைய விட இந்தச் சட்டம் தெரிஞ்ச ஆள் இல்லெண்டு எனக்கு ஒரு நெனப்பு.

அதுக்குப் பொறகுதான் அந்தப் பிள்ளை வந்திச்சி.

பேர் சொல்ல மாட்டன். மாத்தியும் சொல்ல மாட்டன், மாத்திச் சொன்னா நம்மட சனம் அந்தப் பேர்ல எத்தின பிள்ளை இரிக்கு எண்டு தெருத்தெருவா எண்ணத் தொடங்கிடும். பிள்ளை எண்டே வைப்பம். வயசு பதினஞ்சு. ஊர் மருதமுனை, வாப்பாக்கு நெசவு. தறி இல்லாத ஊட்டு வளவத் தேடிப் புடிக்கிறதுதான் அங்க கஷ்டம், அதால இதச் சொல்றதால ஒண்டும் தெரியப் போறல்ல. உம்மாவும் மகளும் ஒரு செவ்வாக்கிழமை வந்து என்ட மேசைக்கு முன்னால இருந்தாங்க. உம்மா கைல போன வச்சிக்கிட்டு, அது சுடுற மாதிரி ஒரு கைல இருந்து மத்தக் கைக்கு மாத்திக்கிட்டே இருந்தா.

கதைச்சது பிள்ளைதான்.

"ரோஸ் ராத்தா எண்டு ஒரு ஆள் மிஸ். கெம்பஸ்ல படிக்கிற எண்டு சொன்னா. மெத்ஸ் நோட்ஸ் எல்லாம் அனுப்புவா. நல்ல நோட்ஸ்."

"மறுகா?"

"ஸ்காஃப் இல்லாம ஒரு படம் அனுப்பு, பொம்புளப் பிள்ளைகளுக்குள்ளதானே எண்டா. ஒண்டு அனுப்பின. அதுக்குப் பொறகு இன்னும் அனுப்பு, வேற மாதிரி அனுப்பு, இல்லாட்டி இத ஒங்கட ஸ்கூல் வேன் குரூப்புல போடுவன் எண்டு எழுதியிரிக்கு. நான் அனுப்பல்ல. உம்மாட்ட சொல்லிட்டன்."

அந்தப் படத்த நான் பாத்தன். முழுக்கைச் சட்டை போட்டு, முடிய விரிச்சுப் போட்டு, தறிக்கொட்டில் வெளிச்சத்துல நாக்க நீட்டிச் சிரிக்கிற ஒரு பிள்ளை. அவ்வளவுதான். நம்மட ஊர்கள்ல அவ்வளவு போதும் எண்டு ஒங்களுக்கும் தெரியும், ரோஸ் ராத்தாக்கும் தெரிஞ்சிருக்கு.

"மிஸ், வாப்பாக்குத் தெரிய வேணாம்" எண்டா பிள்ளை. "தெரிஞ்சா ஸ்கூல நிப்பாட்டிடுவாரு. என்ட மூத்த ராத்தாவ நிப்பாட்டினதும் அப்பிடித்தான், அது சும்மா ஒரு பொடியன் குடுத்த காயிதத்துக்கு. எனக்கு ஓ.எல் சோதினை எழுதணும். மூணு மாசம்தான் இரிக்கு."

நான் என்ன செஞ்ச தெரியுமா? மேசைல கை வச்சி, "ஒண்டும் யோசிக்காத தங்கம், நான் இரிக்கன்" எண்டன். இந்த வசனத்த நீங்க யாருக்கும் சொல்லாதீங்க. வேலைக்கு வந்த முதல் வருஷத்துல எல்லாருக்கும் வாயில வரும், எனக்கு நாலாம் வருஷத்துலயும் வந்திச்சி.

முதல்ல நம்மட பிரிவுத் தலைவர் சேர்ட்ட போனன். சேர் கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி என்ட குறிப்ப வாசிச்சாரு.

"படத்துல ஒண்டும் இல்லியே புள்ள."

"வெருட்டல் இரிக்கு சேர்."

"முடிதானே தெரியுது. இதெல்லாம் சட்டத்துக்குள்ள வருமெண்டா என்ட பேத்திட பேர்த்டே அல்பத்துக்கே ரெண்டு கேஸ் போடலாம்."

"படம் என்னெண்டு இல்ல சேர். அத வச்சி பிள்ளைய என்ன செய்யச் சொல்லியிரிக்கு எண்டுதான்."

"சரி சரி. ஃபைலத் தொற. பெருசாக்காத."

இந்த "ஃபைலத் தொற, பெருசாக்காத" எண்டதத்தான் நம்மட ஒஃபீஸ்ல அனுபவம் எண்டு சொல்றாங்க. பழகிக்குங்க.

பொலிஸ்ல பெண்கள் சிறுவர் பிரிவுல ஒரு கொஸ்தாபல் அக்கா இருந்தா. திருக்கோவில் ஆள். என்னைய விட நாலஞ்சு வயசுதான் கூட. முகத்துல சிரிப்பு வாறது பெருநாள் பிறை மாதிரி, கண்டவங்க சொன்னா நம்பணும். அவ என்ட செட்டிஃபிகெட்ட பத்தியெல்லாம் கேக்கல்ல. பிள்ளைய முன்னால இருத்தி, "அந்த நாய் என்ன எழுதியிருக்கு எண்டு வாசிம்மா, படத்த எனக்குக் காட்டத் தேவல்ல" எண்டு சொன்னா. ரெண்டு மணித்தியாலம் இருந்து ஒவ்வொரு வரியா எழுதி எடுத்தா. போகக்குள்ள என்னைய மட்டும் கூப்பிட்டா.

"தங்கச்சி, அந்தப் படம் பிள்ளைட போன்ல இருக்கிறபடியே இருக்கட்டும். நீங்க யாருக்கும் அனுப்பாதீங்க. எனக்கும் அனுப்பாதீங்க."

"எனக்குச் சட்டம் தெரியும் அக்கா" எண்டு சிரிச்சன்.

அந்த நேரம் என்ட போன்ல, பிள்ளைட படமும் ரோஸ் ராத்தா எழுதினதும் சேந்த ஒரு ஸ்கிரீன்ஷொட் ஏற்கனவே இருந்திச்சி. "ரெக்கோட்டுக்கு" எண்டு நான் எடுத்து வச்சது. அத அவக்குச் சொல்லல்ல.

இப்ப பிழைக்கு வாறம். வெள்ளிக்கிழமை காலைல ரெண்டு உம்மாமார் அடுத்தடுத்து கோல் எடுத்தாங்க. அவங்கட பிள்ளைகளுக்கும் ரோஸ் ராத்தா மெத்ஸ் நோட்ஸ் அனுப்புறா. ஒண்டு சாய்ந்தமருது, மத்தது நம்மட தெருவுக்கு அடுத்த தெரு. சேர் லீவு. கொஸ்தாபல் அக்காட போன் வேல செய்யல்ல. ஒரு வழக்குக்குக் கோட்டுக்குப் போயிருந்திருக்கா. எனக்குள்ள ஒரு அவசரம். இப்பவே எல்லாரையும் எச்சரிக்காட்டி இன்னொரு பிள்ளை படம் அனுப்பிடும் எண்டு. அவசரம் பொய்யில்ல. அத இப்பவும் சொல்லுவன். ஆனா அவசரத்துல ஆள் தன்னைய நல்ல ஆளெண்டு நெனச்சிட்டா, அதுக்குப் பொறகு கண்ணு தெரியா.

ஆட்டோக்குள்ள இருந்துதான் செஞ்சன். அந்த ஸ்கிரீன்ஷொட்ட எடுத்து, பிள்ளைட முகத்த மங்கலாக்கினன். பேர அழிச்சன். நம்பர அழிச்சன். ஸ்கூல் பேர் வாற வரிய அழிச்சன். ரோஸ் ராத்தாட கணக்க மட்டும் விட்டு, மேல சிவப்பு எழுத்துல "பெற்றோர் கவனத்திற்கு" எண்டு போட்டு, பொம்புளகள் மட்டும் இரிக்கிற மூணு குரூப்புக்கு அனுப்பினன். பொம்புளகள் மட்டும் எண்டா, போனப் புடிச்சிரிக்கிறது யாரெண்டு அல்லாஹ்தான் அறிவான். கீழ ஒரு வசனமும் எழுதினன். "பகிர்ந்து நம் பிள்ளைகளைப் பாதுகாப்போம்."

சும்மா இருந்த சனத்துக்குப் பகிரச் சொல்லிக் குடுத்தது நான்.

ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால என்ட போஸ்ட் எனக்கே ஏழெட்டு எடத்துல இருந்து திரும்பி வந்திச்சி. மாஷா அல்லாஹ் எண்டு ஆக்கள் போட்டாங்க. பழைய மாணவர் சங்கம் போட்டிச்சி. ஒலுவில் கெம்பஸ்ல எனக்குப் படிப்பிச்ச ஒரு மேடம் கை தட்டுற படம் அனுப்பினா. நான் ஒவ்வொண்டுக்கும் பதில் போட்டுட்டு இருந்தன். அப்ப என்ட சாய்ந்தமருது மாமிட வொய்ஸ் மெசேஜ் வந்திச்சி. அத எழுத்துக்கு எழுத்து இப்பவும் சொல்லுவன்.

"புள்ள, ஒண்ட போஸ்ட்ட கண்டன், நல்ல வேலகா செஞ்சிரிக்காய். மத்தது, அந்தப் பிள்ளைக்குப் பின்னால தறில கிடக்கே ஒரு சேலை, அது யார்ர தறிகா? பெருநாளைக்கு ஒண்டு எடுக்கணும்."

படத்தப் பெருசாக்கிப் பாத்தன். முகம் புகை மாதிரி. அதுக்குப் பின்னால, நல்ல வெளிச்சத்துல, கண்ணாடி மாதிரித் தெளிவா, தறில பாதி நெசவான சேலை. மயில்பச்சை ஒடம்பு, அரக்குக் கரை, கரைல குட்டிக் குட்டியா தோணி. நிறத்தையும் தோணியையும் இப்ப மாத்தித்தான் சொல்றன். திருந்திட்டன்.

நீங்க மூணு பேரும் அந்த ஊர் இல்லெண்டா இது வெளங்காது. மருதமுனைல பெருநாள் சேலைய யாரும் முன்னால காட்ட மாட்டாங்க. புது டிசைன் தறில ஏறினா கொட்டில் கதவுல துணி தொங்கும். சொந்தச் சகோதரன் வந்தாலும் முத்தத்துல வச்சிக் கதைச்சி அனுப்பிடுவாங்க. அதே நேரம் அங்க ஒரு கரையப் பாத்தா இது எந்த வளவு, யார்ர கை எண்டு சின்னப் பிள்ளையும் சொல்லும். ஐடென்டி கார்ட்ட விட அது சரியா இருக்கும். நான் பிள்ளைட முகத்த மறைச்சிட்டு, ஊட்டு முகவரிய நடுவுல விட்டு அனுப்பியிரிக்கன்.

டிலீட் பண்ணினன். நம்மளத் தவிர எல்லார்ட்டயும் இருந்திச்சி.

வாப்பாக்கு எப்பிடித் தெரிஞ்ச எண்டு கேளுங்க. யாரும் வந்து "ஒங்கட மகள்" எண்டு சொல்லல்ல. அந்த அளவுக்கு நம்மட சனத்துக்கு மரியாதை இரிக்கு. கல்முனைல சேலைக்கடை வச்சிருக்கிற ஒரு யாவாரி கோல் எடுத்திரிக்காரு.

"காக்கா, அந்தத் தோணிக் கரை பச்சைய மத்தக் கடைக்குக் குடுத்துடாதீங்க. எனக்குத்தான் முதல்ல."

"எந்தப் பச்சை? நான் ஒருத்தருக்கும் காட்டல்லியே."

"என்ன காக்கா கதைக்கிறீங்க. போன்ல ஊர் முழுக்க ஓடுது. இருங்க அனுப்புறன்."

அனுப்பியிரிக்காரு. வாப்பா முதல்ல சேலையத்தான் பாத்திரிக்காரு. மறுகாதான் அதுக்கு முன்னால நிக்கிற சட்டைய.

சனிக்கிழமை பிள்ளைட உம்மா எனக்கு கோல் எடுத்தா. அழல்ல. மெதுவாத்தான் கதைச்சா.

"மிஸ், ஸ்கூல் பேக்க பரண்ல தூக்கிப் போட்டுட்டாரு. பரீட்சையும் வேணாம் ஒண்டும் வேணாம் எண்டுட்டாரு. அவள் அறைய விட்டு வரல்ல. நீங்க இரிக்கன் எண்டு சொன்னீங்க எலா."

கொஸ்தாபல் அக்காட்ட ஓடினன். எல்லாத்தையும் சொன்னன், அந்த ஸ்கிரீன்ஷொட்டையும் சேத்து. ஏசுவா எண்டு பாத்தன். ஏசினா நல்லா இருந்திருக்கும். பேனைட மூடியப் போட்டு வச்சிட்டு, "வாப்பாட்ட யாரு சொல்லப் போறா?" எண்டு மட்டும் கேட்டா.

"நீங்களும் வாங்க அக்கா. சட்டத்த எடுத்துச் சொல்லுவம்."

"பொலிஸ் வந்தா தெரு முழுக்க வாசல்ல நிக்கும். நீங்க போங்க. என்ன செஞ்சீங்களோ அதச் சொல்லுங்க."

"கையேட்டையும் கொண்டு போகவா?"

"வேணாம் தங்கச்சி" எண்டா. "அந்த மனிசன் ஏற்கனவே நொந்து போய் இரிக்காரு."

ஞாயித்துக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு போனன். தறிக்கொட்டில் கதவுல துணி இல்ல. மறைக்கிறதுக்கு இனி என்ன இரிக்கு எண்டு கழட்டியிருப்பாரு. வாப்பா தறில இருந்தாரு. என்னையக் கண்டும் நிப்பாட்டல்ல. தறிச் சத்தத்துல நான் சொன்ன ஸலாம் எனக்கே கேக்கல்ல. வாற வழியெல்லாம் பாடமாக்கி வச்ச வசனங்கள் ஒவ்வொண்டா கழண்டு போய்ட்டு.

அவராத்தான் கேட்டாரு, தலைய நிமித்தாம.

"நீதான் ஒஃபீஸ் பிள்ளையா?"

"ஓம்."

"இந்தப் படத்த ஊருக்குக் காட்டினது யாரு? அந்த ரோஸா?"

இந்த எடத்துல ஓம் எண்டு சொல்ல ஏலும். ஒரே ஒரு சொல்லு. அவருக்கு வித்தியாசம் தெரியப் போறல்ல, நானும் நல்ல பிள்ளையா ஊட்ட வந்திருப்பன். என்ட நாக்கு அந்தச் சொல்லுல ஏறி நிண்டிச்சி எண்டதையும் ஒளிக்காம சொல்றன்.

"இல்ல. அந்த ரோஸ் காட்டுவன் எண்டு வெருட்டின மட்டும்தான். காட்டினது நான்."

தறி நிண்டிச்சி.

"பிள்ளை ஒரு பிழையும் செய்யல்ல" எண்டன். "நோட்ஸ் எண்டு நம்பி ஒரு படம் அனுப்பின. அடுத்தது கேட்டவுடன அனுப்ப மாட்டன் எண்டு உம்மாட்ட வந்து சொன்ன. நானெண்டா சொல்லியிருக்க மாட்டன். ஸ்கூல நிப்பாட்டினா என்ட பிழைக்கு அவளுக்குத் தண்டனை. எனக்குத் தண்டனை குடுக்கணுமெண்டா சட்டத்துல எடம் இரிக்கு. என்ட மேல முறைப்பாடு போடுங்க."

சும்மா ஒரு நாடகத்துக்குச் சொல்றன் எண்டுதான் அவர் நெனச்சிருப்பாரு. உண்மையச் சொன்னா, மனிசன் எரங்கி "பரவால்ல புள்ள" எண்டு சொல்லுவாரு எண்டு எனக்குள்ள ஒரு மூலைல ஆசையும் இருந்திச்சி. அவர் கைத் தூசியத் தட்டிட்டு எழும்பினாரு.

"ஒனக்கு எழுதத் தெரியுமா?"

"ஓம்."

"அப்ப எழுது."

பேக்ல ஃபோம் இருந்திச்சி. நம்மட வேலைல பேக்ல எப்பவும் ஃபோம் இருக்கும். தறிப் பலகைல வச்சி, என்ட மேல நானே முறைப்பாடு எழுதினன். அவர் சொல்லச் சொல்ல எழுதினன். ஒரு எடத்துல நான் "கவனயீனமாக" எண்டு எழுதப் போனன்.

"அது என்ன சொல்லு?"

"கவனிக்காம எண்டு கருத்து."

"நீ கவனிக்காம செய்யல்ல. எல்லாம் தெரியுமெண்டு செஞ்ச. மண்டக்கனத்தால எண்டு எழுது."

எழுதினன். அரச ஃபோம் ஒண்டுல மண்டக்கனம் எண்ட சொல்லு ஏறின முதல் தடவை அதுவாத்தான் இருக்கும்.

வாசிக்க ஏலாத ஒரு கீறலாக் கையெழுத்துப் போட்டுட்டுப் பேனைய நீட்டினாரு. "எழுதி என்ன. ஊர் பாத்திட்டு. பாத்தத எந்தச் சட்டம் அழிக்கப் போகுது?"

அதுக்குக் கையேட்டுல ஒரு வரியும் இல்ல. ஃபோம மடிச்சி பேக்ல வச்சன். அப்பதான் ஊட்டுப் பக்கத்துக் கதவுல இருந்து பிள்ளைட குரல் கேட்டிச்சி. எவ்வளவு நேரம் நிண்டாவோ தெரியா.

"வாப்பா, என்ட மூஞ்ச ஒருத்தரும் காணல்ல. ஒங்கட சேலயத்தான் கண்டிருக்காங்க."

அவர் அறுந்த நூல் ஒண்டத் தேடி முடிஞ்சாரு.

"இந்தக் கரை ஒங்கட தறில மட்டும் கிடக்கிறதால நான் எண்டு தெரிஞ்ச. எல்லாத் தறிலயும் கிடந்தா யாரெண்டு தெரியும்?"

"வாயப் பொத்திட்டு உள்ள போ" எண்டாரு வாப்பா.

பிள்ளை போகல்ல. "பேக்க இறக்கித் தாங்க, போறன்" எண்டா.

யா அல்லாஹ், நான் நாலு வருஷம் கெம்பஸ்ல கத்துக்கிட்டது முழுக்க அந்த ஒரு வரிக்கு முன்னால ஒண்டுமில்ல. நான் மெதுவா வெளில வந்துட்டன். அந்தக் கதைக்குள்ள எனக்கு எடமில்ல.

அந்தக் கிழமை நடந்தத பிள்ளைட உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனிசன் ரெண்டு நாள் தறில ஏறல்லியாம். மூணாம் நாள் டிசைன் கீறின தாளச் சுருட்டி எடுத்துக்கிட்டு அடுத்த வளவுக்குப் போயிரிக்காரு. மறுகா அதுக்கடுத்த வளவுக்கு. எல்லாருக்கும் ஏசி ஏசித்தான் குடுத்திரிக்காரு, "இந்தா, களவெடுக்கிறதுக்குக் கஷ்டப்படாத" எண்டு. கடைசியா, போன பெருநாளைக்கு இவர்ர கரையக் கொப்பியடிச்சான் எண்டு கதைக்காம இருந்த ஒரு ஆள். அவர்ர வாசலுக்கும் போய்த் தாளப் போட்டுட்டு வந்தாராம். அந்த ஆள் என்னமோ ஏதோ எண்டு பயந்து பள்ளிவாசல் நிருவாகத்துக்கு கோல் எடுத்திரிக்காரு.

மனசு எளகி அப்பிடிச் செஞ்சாரு எண்டு நான் கதை கட்ட மாட்டன். அந்தப் பெருநாள் டிசைன் அவருக்கு ஒரு வருஷத்து யோசனை. அத விட்டுக் குடுத்த கோவம் இன்னும் அவருக்கு இரிக்கு, என்னையக் கண்டா ரோட்ட மாறித்தான் போவாரு. ஆனா பேக் பரண்ல இருந்து இறங்கிச்சி. அடுத்த திங்கக்கிழமை பிள்ளை ஸ்கூல் வேன்ல ஏறிச்சி.

பெருநாளைக்குப் பாக்கணும், எங்க பாத்தாலும் தோணிக் கரை. மாமி எடுத்தா. பேங்க்ல வேல செய்ற ஒரு பொண்ணு எடுத்திரிக்கா. சேர்ட மனிசி எடுத்திரிக்கா. கொஸ்தாபல் அக்கா நீலத்துல ஒண்டு எடுத்து, கோயிலுக்கு உடுத்துப் போனன் எண்டு சொன்னா. அந்தப் பழைய ஸ்கிரீன்ஷொட் அப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருந்திச்சி, ஆனா பாக்கிற ஆளுக்கு அது எந்த வளவு எண்டு சொல்ல ஏலாமப் போய்ட்டு. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். புதுசாத் தெரிய வாற வழி அடைஞ்சிட்டு.

ரோஸ் ராத்தாவையும் புடிச்சாங்க. அந்த ரெண்டு மணித்தியாலம் வரிவரியா எழுதின முறைப்பாட்டாலதான் புடிச்சாங்க, என்ட போஸ்ட்டால இல்ல. என்ட போஸ்ட்டக் கண்டு அவன் கணக்க மூடிட்டு ஓடினதால ஒரு மாசம் பிந்திச்சி எண்டு கொஸ்தாபல் அக்கா ஒரு நாள் சும்மா சொல்ற மாதிரிச் சொன்னா. ரோஸ் ராத்தாக்கு மீசை இரிக்கு, வேற மாவட்டத்துல பொண்டாட்டியும் ரெண்டு பிள்ளையும் இரிக்கு. வழக்கு தவணை தவணையாப் போகுது.

இப்ப கரண்ட் கதை. இதத்தானே கேக்க இருந்தீங்க.

ஓ.எல்லுக்கு ரெண்டு கிழமை இருக்கக்குள்ள, அதே சட்டத்தப் பத்தி அம்பாறைல ரெண்டாவது வேர்க்‌ஷொப். ஒவ்வொரு ஒஃபீஸும் ஒரு "வெற்றிக் கதை" கொண்டு வரணுமாம். சேர் எதக் கொண்டு போனாரு தெரியுமா? என்ட போஸ்ட்ட. எத்தின பேர் பாத்தாங்க, எத்தின பேர் பகிர்ந்தாங்க எண்டு கணக்கோட.

வேனுக்குள்ள வச்சே சொன்னன். "சேர், அந்த ஸ்லைட் வேணாம். அந்தப் போஸ்ட்டுக்கு என்ட மேல முறைப்பாடு கிடக்கு. நம்மட ஃபைல்லயே கிடக்கு."

"அது சின்ன விஷயம் புள்ள. ஒனக்குத்தானே பேரு வரப்போகுது."

"எனக்குப் பேர் வேணாம் சேர்."

"பாப்பம்" எண்டாரு. சேர் பாப்பம் எண்டா பாக்க மாட்டாரு எண்டு கருத்து. இதையும் குறிச்சி வச்சிக்குங்க.

ஸ்லைட் வந்திச்சி. சுவர் முழுக்க. சுவர்ப் பெருசுல பச்சைச் சேலை. அப்ப மூணாம் வரிசைல இருந்து ஒரு மிஸ், "அட, இது நான் உடுத்திருக்கிற சேலை எலா" எண்டா. அவக்குப் பின்னால இன்னொரு ஆள், "என்டயும் இதுதான், நிறம்தான் வேற." ஹோல்ல சிரிப்பு. அந்த ஒரு நிமிஷம் அந்த வாப்பாவ நெனச்சன். இந்த ஹோல் முழுக்க இருந்து தேடினாலும் ஒங்கட ஊட்டக் கண்டுபுடிக்க ஏலா காக்கா எண்டு.

அதோட முடிஞ்சிருக்கணும். முன் வரிசைல ஒரு வக்கீல் மேடம், "இது உண்மையான சம்பவமா, செய்து காட்டினதா?" எண்டு கேட்டா. சேர்க்கு உசிர் வந்திட்டு. மைக்க வாய்க்குக் கிட்டப் புடிச்சாரு.

"உண்மைதான் மேடம். இந்தப் பிள்ளைட வாப்பா மருதமுனைல பேர் எடுத்த நெசவு மாஸ்டர். இந்தச் சேலைய முதல் முதல்ல நெசவு செஞ்சவரே அவர்தான், அவர்ர பேரு…"

என்ட காலடில சுவரோட ஒரு பிளக் பலகை. புரொஜெக்டர், மைக், ஸ்பீக்கர் எல்லாம் அதுல. யோசிச்சன் எண்டு சொன்னா பொய். புடுங்கிட்டன். சுவர் இருண்டிச்சி. சேர்ட வாய் ஆடுது, சத்தம் பின்னுக்கு வரல்ல. அவர் தொண்டையச் செருமி சத்தமா சொல்ல வெளிக்கிடக்குள்ள நான் கதிரைக்கு மேல ஏறி நிண்டு, "கரண்ட் போய்ட்டு, டீக்குப் போவம்" எண்டன். டீ எண்டதும் ஹோல் எழும்பிட்டு. நம்மட அரச சேவைல அதுக்கு மட்டும் சுற்றறிக்கை தேவல்ல. சேர் சொன்ன பேர் கதிரைச் சத்தத்துக்குள்ள போய்ட்டு.

எல்லாரும் ரோல்ஸ் தின்னக்குள்ள சேர்ட லெப்டொப்புல அந்த ஸ்லைட்ட அழிச்சன். திரும்பிப் பாத்தா பின்னால சேர்.

"என்ன செய்றாய்?"

"சேர், அந்தப் பேர இன்னொருக்காச் சொன்னீங்கெண்டா, என்ட மேல கிடக்கிற மாதிரியே ஒரு முறைப்பாட்ட ஒங்கட மேலயும் எழுதுவன். எனக்கு எழுதிப் பழக்கம்."

"நீ என்னைய வெருட்டுறியா?"

"ஓம் சேர்."

அவ்வளவுதான். கொன்ட்ரக்ட் புதுப்பிக்கிற மாசம் வந்திச்சி, புதுப்பிக்கல்ல, மணிக்கூடு தந்தாங்க. சேர் நல்ல மனிசன்தான், ஒங்களுக்கு முதல் நாள் பிளேன்டீ வாங்கித் தருவாரு. ஆனா ஒரு பிள்ளைட கதைய அவருக்கு முன்னால தேவைக்கு மேல சொல்லாதீங்க. எனக்கு முன்னாலயும்தான்.

பிள்ளை ஓ.எல் எழுதிட்டா. என்ன ரிசல்ட் எண்டு கேக்காதீங்க. வந்தாலும் சொல்ல மாட்டன்.

என்ட மேசைல இடப்பக்கம் ரெண்டாவது லாச்சிய இழுத்தா ஒரு மஞ்சள் ஃபைல் இருக்கும். கொஞ்சம் தூக்கி இழுக்கணும், சிக்கும். அது என்ட மேல போட்ட முறைப்பாடு, விசாரணை இன்னும் முடியல்ல, இனி நீங்கதான் பாக்கணும். தொறந்து வாசிங்க. என்ட முழுப்பேர், முகவரி, அடையாள அட்டை நம்பர் எல்லாம் என்ட கையெழுத்துலயே இருக்கும், மண்டக்கனமும் இருக்கும். பிள்ளைட பேரும் வாப்பாட பேரும் இருக்க வேண்டிய எடத்துல ஒரு நம்பர் மட்டும் இருக்கும். நான் அந்த ஒஃபீஸ்ல நாலு வருஷத்துல ஒழுங்கா எழுதின ஃபைல் அது ஒண்டுதான்.